நாற்பதைத் தாண்டியவர் பிரித்தானியாவில் சைக்கிள் போட்டிக்கு இறங்குவது எப்படி: பத்திரங்கள், செலவு, நாள்கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, முதல்நாள் இரவே ஊறவைத்த ஓட்ஸை விழுங்கி, எழுபது மைல் கார் ஓட்டிச் சென்று, என் வாழ்வின் முதலாவது சைக்கிள் போட்டியின் தொடக்கக் கோட்டை அடைந்த என்னை, வண்டியில் பின்விளக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த விதி தொடக்கப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. நான்தான் முதலாம் பக்கத்தில் என் பெயரைக் கண்ட மகிழ்ச்சியோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டேன். அப்போது எனக்கு வயது 53. அதற்குப் பிந்திய இரண்டு பருவங்களிலும் என்னைத் தாமதப்படுத்தியவை பெரும்பாலும் கடைசி நாள் தவறிய விண்ணப்பம், பெயர் பொருந்தாத அனுமதிப்பத்திரம், கேட்காமல் விட்ட மருந்துக் கேள்வி ஆகியவையே; கால்கள் ஒருபோதும் அவ்வளவு தொல்லை தரவில்லை. இங்கிலாந்தில் வாழ்கின்ற, நாற்பது வயதைக் கடந்த, சைக்கிள் ஓட்டப் பழகியும் போட்டிக்குள் நுழையும் வழி தெரியாத தமிழருக்காக இதை எழுதுகிறேன். பயிற்சி முறைகளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருப்பதால், அதை அவர்களிடமே விடுகிறேன்.

1. எந்தக் கதவால் நுழைவது என்று முதலில் தீர்மானியுங்கள்

வயது முதிர்ந்தோருக்கான போட்டிகளை இங்கே ஓர் அமைப்பு மட்டும் நடத்துவதில்லை என்பதுதான் புதியவரை முதலில் குழப்புவது. தனியாளாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் டைம் ட்ரயல் ஓட்டங்களை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைக்கிளிங் டைம் ட்ரயல்ஸ் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அதைச் சுருக்கமாகச் சி.டி.டி. என்பார்கள். அதே ஓட்டங்களுக்குள் நாற்பது வயதுக்கு மேற்பட்டோரின் நேரங்களை வயதுக்கேற்ப ஒப்பிடுவதற்கு வி.டி.டி.ஏ. என்ற தனிச் சங்கம் உள்ளது. கூட்டமாக ஓடும் வீதிப் போட்டிகளையும் மூடிய சுற்றுப்பாதைப் போட்டிகளையும் பிரிட்டிஷ் சைக்கிளிங் நடத்துகிறது. நாற்பதுக்கு மேற்பட்டோருக்கென்றே கூட்டப் போட்டிகளை நடத்தும் எல்.வி.ஆர்.சி. என்ற அமைப்பும் உண்டு. அங்கே ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்த வயதுப் பிரிவுகள் எழுபதுக்கு அப்பாலும் நீள்கின்றன.

என் ஆலோசனை ஒன்றே: முதலாம் ஆண்டில் டைம் ட்ரயலைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு நிமிட இடைவெளியில் தனித்தனியாகப் புறப்படுவதால் பிறருடைய சக்கரத்தில் மோதி விழும் அச்சம் இல்லை. தேவைப்படும் பத்திரங்களும் இதில்தான் மிகக் குறைவு. ஐம்பது வயதில் உடைந்த காறையெலும்பு இருபது வயதில் உடைந்ததைப்போல விரைவில் பொருந்தாது. கூட்டப் போட்டியில் இறங்குவதற்குமுன் கூட்டமாக ஓடிப் பழக வேண்டும், அதற்கு ஒரு குளிர்காலமாவது செல்லும்.

2. உங்கள் வயது எத்தனை என்பதை அமைப்புக்கேற்பக் கணியுங்கள்

இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் நான் தவறான பிரிவில் விண்ணப்பித்தது இதனால்தான். உலக சைக்கிள் கூட்டமைப்பான யூ.சி.ஐ.யின் விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதே உங்கள் போட்டி வயது. நீங்கள் டிசம்பர் மாதத்தில் பிறந்தவராயின், ஐம்பத்தொன்பது வயதில் இருக்கும்போதே ஜனவரியிலிருந்து அறுபது வயதுக்காரராகக் கருதப்படுவீர்கள். தமிழர் எவரும் மறுக்காத சலுகை இது. பிரிட்டிஷ் சைக்கிளிங்கும் இதே முறையில் கணிக்கிறது. டைம் ட்ரயல்களில் வி.டி.டி.ஏ. போட்டி நாளன்று உங்களுக்கு நிறைவடைந்திருக்கும் வயதைப் பார்க்கிறது. ஆகவே ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், இரண்டு அமைப்புகளில் உங்களுக்கு இரண்டு வயது இருக்கக்கூடும். விண்ணப்பப் படிவத்தில் பிரிவைத் தெரிவுசெய்யும்போது எந்தக் கணக்கு என்பதைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

3. பெயரையும் பிறந்த திகதியையும் ஓரிடத்தில் நிலைநிறுத்துங்கள்

எங்களவருக்கு மட்டுமே உரிய தொல்லை இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தகப்பன் பெயரை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா, குடும்பப்பெயர்க் கட்டத்தில் எதை எழுதுவது என்ற கேள்விக்கு நாங்கள் வங்கியில் ஒரு விடையும், குடும்ப வைத்தியரிடம் வேறொரு விடையும், கடவுச்சீட்டில் மூன்றாவது விடையும் கொடுத்து வைத்திருக்கிறோம். நான் சி.டி.டி. கணக்கை என் சொந்தப் பெயரைக் குடும்பப்பெயராக வைத்துத் திறந்தேன்; பிரிட்டிஷ் சைக்கிளிங் கணக்கில் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக வைத்தேன்; கழகச் செயலாளர் நீண்ட பெயரைச் சுருக்கித் தம் விருப்பப்படி ஒன்றைப் பதிந்துகொண்டார். இதன் விளைவாக முதல் பருவத்தில் என் முடிவுகள் இரண்டு மனிதருடையவைபோல இரண்டு இடங்களில் கிடந்தன. வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுமதிப்பத்திரமும் கடவுச்சீட்டும் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்றபோது, அதைத் திருத்த மூன்று வாரங்கள் சென்றன.

தீர்வு எளியது. கடவுச்சீட்டைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு, அதில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் உள்ளதை அப்படியே எல்லாக் கணக்குகளிலும் எழுதுங்கள், அது உங்கள் தகப்பனின் பெயராக இருந்தாலும் சரியே. நடுவர் உங்கள் தகப்பன் பெயரைச் சொல்லி அழைக்கும்போது திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் ஆண்டைக் கூட்டியோ குறைத்தோ எழுதிய பிறந்த திகதி எங்கள் தலைமுறையில் பலருக்கு உண்டு. வீட்டில் கேக் வெட்டும் திகதி எதுவாக இருந்தாலும், போட்டிக்குச் செல்லுபடியாவது கடவுச்சீட்டில் உள்ளதே.

4. உடலைப் பரிசோதியுங்கள், பிறகு மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

உள்ளூர் டைம் ட்ரயலுக்கு வைத்தியச் சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை என்பதற்காகப் போகாமல் விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ள, ஏற்கெனவே இருதய நோய், நீரிழிவு போன்றவை கண்டறியப்படாதவர்களுக்குத் தேசிய சுகாதார சேவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை செய்கிறது. குருதி அழுத்தம், கொலஸ்ட்ரோல், உடற்பருமன் ஆகியவற்றை அதில் பார்ப்பார்கள். இருதய மின்பதிவு அதில் அடங்காது என்பதை மனத்தில் வையுங்கள். தென்னாசியர்களாகிய எமக்கு இருதய நோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், குடும்பத்தில் எவருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, மேட்டில் ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றியிருந்தாலோ, அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, கடும் முயற்சியுள்ள போட்டியில் இறங்கப் போவதையும் குறிப்பிட்டு, மேலதிகப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். நான் கேட்டதன் பேரில் ஓடுபொறியில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். அதற்கான தவணை கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின. ஆகையால் இந்தப் படியை ஐப்பசியிலேயே தொடங்குங்கள்.

அடுத்தது மருந்துகள். ஊக்கமருந்துத் தடை என்பது தொலைக்காட்சியில் வரும் இளம் வீரர்களுக்கு மட்டும் உரியது என்று நானும் நினைத்திருந்தேன். நாற்பதைத் தாண்டிய சாதாரண ஓட்டக்காரர்களும் இந்த நாட்டில் பரிசோதிக்கப்பட்டு, தடைசெய்யப்பட்டிருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய தமிழரின் வீட்டில் வழக்கமாக இருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெற்ஃபோர்மின் தடைப்பட்டியலில் இல்லை. இன்சுலின் தடைசெய்யப்பட்டது, அதைப் பயன்படுத்துவோருக்கு மருத்துவ விலக்கு அனுமதி வேண்டும். குருதி அழுத்தத்துக்கான அம்லோடிபின், ராமிபிரில், லொசார்ட்டன் ஆகியவற்றால் தொல்லை இல்லை. எனினும் சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரைகள், குறிப்பாக ஹைட்ரோகுளோரோதயசைட், இண்டபமைட், ஃபுரோசமைட் ஆகியவை எக்காலத்திலும் தடைசெய்யப்பட்டவை. இங்கேதான் பொறி இருக்கிறது: ஊரிலிருந்து வாங்கிவரும் அழுத்த மாத்திரைகளில் லொசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைட்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள், பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் படித்தால் அது தெரியாது. ஆஸ்துமாவுக்கான சல்பியூட்டமோல் உறிஞ்சியை 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமுக்கு மேற்படாமலும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கு மேற்படாமலும் பயன்படுத்தலாம். வழக்கமான நீல உறிஞ்சியின் ஒரு இழுப்பு 100 மைக்ரோகிராம் என்பதால் எட்டு மணி நேரத்துக்கு ஆறு இழுப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதே வேலையைச் செய்யும் டெர்பியூட்டலினுக்கு இந்தச் சலுகை கிடையாது. முழங்கால் வலிக்கு ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசி போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது, ஆகவே ஊசி போடுமுன் போட்டித் திகதியை வைத்தியரிடம் சொல்லுங்கள். வலிக்காகக் கொடுக்கப்படும் டிரமடோல் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் எல்லா விளையாட்டுகளிலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சைக்கிள் போட்டிகளில் அத்தடை 2019இலேயே வந்துவிட்டது.

ஒவ்வொரு மருந்தையும் குளோபல் டி.ஆர்.ஓ. என்ற இலவசத் தேடுபக்கத்தில், ஐக்கிய இராச்சியம் என்ற நாட்டைத் தெரிவுசெய்து தேடிப் பார்த்து, கிடைக்கும் விடையைத் திகதியோடு சேமித்து வையுங்கள். ஊரில் வாங்கிய மாத்திரையின் வணிகப் பெயர் அதில் கிடைக்காவிட்டால் மூலப்பொருளின் பெயரைக் கொண்டு தேடுங்கள். எங்களைப் போன்ற கழக மட்டத்து ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் வைத்தியரின் கடிதங்களையும் பரிசோதனை முடிவுகளையும் தேடி அலையாதிருக்க ஒரு கோப்பை முன்பே சேர்த்து வைப்பது நல்லது. மூலப்பொருள் எழுதப்படாத லேகியத்தையும் சூரணத்தையும் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: அம்மா அனுப்பியதாக இருந்தாலும் போட்டிப் பருவத்தில் வேண்டாம். உடலுக்குள் எப்படி வந்தது என்பதற்கு அப்பால், இருந்தாலே பொறுப்பு உங்களுடையது என்பதுதான் விதி.

5. இணைக்கப்பட்ட கழகம் ஒன்றில் சேருங்கள்

சி.டி.டி.யின் திறந்த போட்டிகளில், அதாவது எந்தக் கழகத்தவரும் முன்கூட்டியே விண்ணப்பித்து ஓடும் போட்டிகளில் ஓட, அதனோடு இணைக்கப்பட்ட கழகம் ஒன்றின் உறுப்பினராக இருக்க வேண்டும். ‘இணைக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் முதலில் சேர்ந்த கழகம் சனிக்கிழமை காலையில் கூடி, கோப்பி குடித்துத் திரும்பும் அருமையான கழகம். அது இணைக்கப்படாதது என்பது நான் கட்டணம் செலுத்திய பிறகே தெரிந்தது. சேருமுன் செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, இணைப்பு நடப்பு ஆண்டுக்கு உள்ளதா என்று கேளுங்கள். கழகச் சந்தா ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 பவுண் வரை இருக்கும்.

சேரும் முன்பே அனுபவித்துப் பார்க்க வழி உண்டு. சித்திரை முதல் ஆவணி வரை பல கழகங்கள் வாரநாள் மாலைகளில் பத்து மைல் ஓட்டம் ஒன்றை நடத்துகின்றன. கழகத்தில் சேராதவரும் ‘வந்து ஓடிப் பாருங்கள்’ என்ற படிவம் ஒன்றில் கையொப்பமிட்டு அதில் ஓடலாம். நான் அங்கே கட்டியது 5 பவுண். முதல் ஓட்டத்தில் எனக்கு முன்னால் புறப்பட்டவர் 78 வயது முதியவர். அவரை நான் பிடிக்கவே இல்லை. ஓட்டம் முடிந்த பின், என் கைப்பிடி இரண்டு விரற்கடை உயரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுத் தம் தேநீர்க் குடுவையோடு போய்விட்டார். சொன்னதும் சரிதான்.

கழகத்தில் சேரும்போதே வி.டி.டி.ஏ.யிலும் சேர்ந்துவிடுங்கள். பிரதேச வாரியாகக் குழுக்கள் இருப்பதால் வசிக்கும் இடத்துக்குரிய குழுவைத் தெரிவுசெய்ய வேண்டும். நாற்பதாவது பிறந்தநாளுக்கு முன் சேர இயலாது.

6. வண்டியும் கட்டாயப் பொருள்களும்

விலையுயர்ந்த டைம் ட்ரயல் வண்டியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சாதாரண வீதிப் போட்டி வண்டியில் ஓடுவோருக்குத் தனி முடிவு அறிவிக்கும் போட்டிகள் இப்போது பல. வளைந்த முதுகோடு முழங்கைகளை ஊன்றி ஓடும் நிலை, ஐம்பது வயதுக் கழுத்துக்கும் இடுப்புக்கும் ஆறு மாதப் பழக்கமாவது இல்லாமல் ஒத்துவராது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கி, இரண்டு ஓட்டத்தோடு வாகனக் கொட்டிலில் தொங்கவிட்ட வண்டிகள் எனக்குத் தெரிந்தே மூன்று உண்டு, அவற்றில் ஒன்று என்னுடையது.

கட்டாயமானவை வேறு. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருக்க வேண்டும், பகலிலும்தான். கடினமான வெளிக்கூடுள்ள, பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற தலைக்கவசம் வேண்டும். கைப்பிடிக் குழாயின் இரு முனைகளிலும் அடைப்பான் இருக்க வேண்டும். கூட்டப் போட்டிகளில் இதை நடுவர் விரலால் தொட்டே பார்ப்பார். விளக்குகளை முதல்நாள் இரவு மின்னேற்றி, மேலதிகமாக ஒரு பின்விளக்கையும் காரில் வையுங்கள். முதல் பருவத்தில் எனக்கான செலவு கழகச் சந்தா 30, கழகச் சீருடை 80, விளக்குகள் 45, தலைக்கவசம் 60, எட்டுத் திறந்த போட்டிகளுக்கு 104, பத்து மாலை ஓட்டங்களுக்கு 50 என மொத்தம் 369 பவுண். எரிபொருளையும் வீட்டில் கேட்ட கேள்விகளையும் இதில் சேர்க்கவில்லை.

7. விண்ணப்பம்: செவ்வாய்க்கிழமையை மறவாதீர்கள்

திறந்த போட்டிகளுக்குச் சி.டி.டி. இணையத்தளத்தில் கணக்கு திறந்து, பணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டிக்கு, அதற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன் வரும் செவ்வாய்க்கிழமை நள்ளிரவே வழக்கமாகக் கடைசி நேரம். தாமதமாக வந்த விண்ணப்பத்தை எவர் தலையிட்டும் ஏற்கமாட்டார்கள். ‘தெரிந்த ஆள் மூலம்’ என்ற எங்கள் ஊர் வழக்கத்தை அங்கே பரிசோதித்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன். பருவம் தொடங்குமுன் விரும்பிய பத்துப் போட்டிகளின் கடைசிச் செவ்வாய்களைக் கைபேசி நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

படிவத்தில் கடந்த சில ஆண்டுகளின் சிறந்த நேரங்களைக் கேட்பார்கள். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால், வேகமானவர்களுக்கே முதலிடம் என்பதால், நேரம் எதுவும் இல்லாத புதியவர் புகழ்பெற்ற வேகப் பாதைகளில் இடம் பெறுவது கடினம். ஆகவே முதலில் மாலை ஓட்டங்களிலும், கூட்டம் குறைந்த பாதைகளிலும் நேரங்களைச் சேருங்கள். வி.டி.டி.ஏ. குழுக்கள் நடத்தும் போட்டிகள் பெரும்பாலும் வயதில் மூத்தோருக்கு உரியவையாதலால் அங்கே எனக்கு எளிதாக இடம் கிடைத்தது.

பாதைகளுக்கு ஊர்ப்பெயர் இராது, குறியீடுதான் இருக்கும். முதலெழுத்து மாவட்டத்தைக் குறிக்கிறது: லண்டன் கிழக்குக்கு ஈ, வடக்குக்கு எஃப், தெற்குக்கு ஜி, மேற்குக்கு எச். மைல் கணக்கு சில மாவட்டங்களில் சாய்கோட்டுக்குப் பின்னாலும், சிலவற்றில் அதற்கு முன்னாலும் வரும். மாவட்டத்தின் பெயரைக் கொண்டு பயணத் தூரத்தை மதிப்பிடாதீர்கள். லண்டன் கிழக்கின் பெயர்பெற்ற ஈ2 பாதைகள் நியூமார்க்கெட்டை அண்டிய ஏ11 நெடுஞ்சாலையில் இருக்கின்றன. ஞாயிறு காலை முதலாவது ரயில் அங்கே போய்ச் சேருமுன் போட்டியே முடிந்துவிடும். கார் இல்லாதவர்கள் கழகத்தில் யாரோடு போகலாம் என்பதை விண்ணப்பிக்குமுன் பேசிக்கொள்ளுங்கள்.

8. போட்டி நாள்

ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன் தொடக்கப் பட்டியல் வரும். கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. போட்டி 7 மணிக்கு என்றால் முதல் எண்ணுக்குரியவர் 7.01க்குப் புறப்படுவார், உங்கள் எண் 37 ஆனால் உங்கள் நேரம் 7.37. ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் கடிகாரம் உங்களுக்காக 7.37க்கே ஓடத் தொடங்கிவிடும். தலைமையகம் பெரும்பாலும் ஒரு கிராம மண்டபம், அங்கிருந்து தொடக்கக் கோடு இரண்டு மூன்று மைல் தள்ளியிருக்கக்கூடும். புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக மண்டபத்தில் இருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கழிவறை வரிசைக்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

கையொப்பமிட்டு, எண்ணைப் பெற்று, ஊசிகளால் முதுகின் கீழ்ப்பகுதியில் குத்திக்கொள்ளுங்கள். தொடக்கக் கோட்டில் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் இரு கால்களையும் மிதியில் பூட்டி நிற்பீர்கள். இதை முன்பே நண்பர் ஒருவரைக் கொண்டு பழகுங்கள். முதல் முறை நான் அவர் தோளைப் பற்றிக்கொண்டு விடாமல் நின்றுவிட்டேன்.

போட்டி தொடங்கிய பிறகு பாதையில் உடல் சூடேற்ற ஓடக் கூடாது. தொடக்க, முடிவுக் கோடுகளின் அருகே வீதியில் திடீரென்று யூ வடிவில் திரும்பினால் தகுதி நீக்கம் செய்வார்கள். முன்னால் செல்பவரை நெருங்கினால் அவர் காற்று மறைப்பில் தங்காமல் உடனே கடந்து செல்ல வேண்டும். அவர் உங்களைக் கடந்தால் பின்தங்கிக்கொள்ள வேண்டும். வீதி மூடப்பட்டிருக்காது, கார்களும் லொறிகளும் ஓடும், சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தலையைக் குனிந்து ஓடுவது விரைவாகத் தோன்றும். அப்படி ஓடி, நிறுத்தியிருந்த வாகனத்தில் மோதியவர்கள் உண்டு.

முடிந்ததும் நேரே காருக்குப் போகாதீர்கள். மண்டபத்துக்குத் திரும்பி, எண்ணைக் கொடுத்து, வெளியேறும் தாளில் கையொப்பமிட வேண்டும். செய்யாவிட்டால் ஓட்டத்தை முடிக்காதவர் என்றே பதிவார்கள். என் முதலாவது முப்பது நிமிடத்துக்குட்பட்ட பத்து மைல் அப்படித்தான் காணாமற் போனது.

9. முடிவுப் பட்டியலை எப்படி வாசிப்பது

முதலிடத்திலிருந்து பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். வி.டி.டி.ஏ. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு வயதுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, ஒரு நியம நேரத்தை வகுத்திருக்கிறது. விளங்கிக்கொள்வதற்காக, உங்கள் வயதுக்கான நியமம் 29 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 27 நிமிடம் 40 செக்கனில் முடித்தால் உங்கள் கணக்கு 1 நிமிடம் 20 செக்கன் மேலதிகம். உங்களைவிட மூன்று நிமிடம் முன்னதாக முடித்த நாற்பது வயதுக்காரரை இந்தக் கணக்கில் நீங்கள் வெல்லலாம். வயது ஏற ஏற நியமம் தளர்கிறது; ஒரே நேரத்தை ஆண்டுதோறும் தக்கவைப்பவரும் பட்டியலில் மேலே ஏறுவார். பிறந்தநாளுக்கு மறுவாரம் விண்ணப்பிக்கும் பழக்கம் எங்கள் கழகத்தில் பலருக்கு உண்டு.

10. இரண்டாம் ஆண்டு: கூட்டப் போட்டி

இதற்குப் பிரிட்டிஷ் சைக்கிளிங்கின் உறுப்புரிமையும், அதற்கு மேலாகப் போட்டி அனுமதிப்பத்திரமும் வேண்டும்; முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு வருவது பொதுவான தவறு. எந்த வயதானாலும் எல்லோரும் நான்காம் தரத்தில் தொடங்கி, 12 புள்ளிகள் பெற்றால் மூன்றாம் தரத்துக்கு ஏறுவார்கள். லண்டனைச் சுற்றி ஹிலிங்டன், லீ வலி, ரெட்பிரிஜ், கிரேவ்செண்ட் ஆகிய இடங்களில் வாகனங்கள் வராத சுற்றுப்பாதைகள் இருப்பது எமக்குப் பெரும் வாய்ப்பு. இளைஞர்களோடு கலந்து ஓடும் நான்காம் தரப் போட்டிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பது என் எண்ணம், எல்லோரும் புதியவர்கள், எல்லோருக்கும் அவசரம். நாற்பது அல்லது ஐம்பதுக்கு மேற்பட்டோர் என்று குறிப்பிட்ட போட்டிகளையும், எல்.வி.ஆர்.சி. போட்டிகளையும் தேடிச் செல்லுங்கள். வேகம் குறையாது, மூலைகளில் ஒழுங்கு மட்டும் கூடியிருக்கும். உள்ளக ஓடுதளத்தில் ஆசையுள்ளவர்கள் லீ வலியில் நான்கு படிநிலைப் பயிற்சியையும் முடித்த பிறகே போட்டியிடலாம்.

11. கடல் கடந்து ஓட விரும்பினால்

கிரான் ஃபொண்டோ என்பது பெருந்திரளானோர் கலந்துகொள்ளும் நெடுந்தூர வீதி ஓட்டம். யூ.சி.ஐ. கிரான் ஃபொண்டோ தொடரின் தகுதிப் போட்டி ஒன்றில் உங்கள் வயதுப் பிரிவின் முதல் 25 வீதத்துக்குள் வந்தால், அத்தொடரின் உலக இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறுவீர்கள். இறுதிப் போட்டி 2024இல் டென்மார்க்கின் ஆல்போர்க்கிலும், 2025இல் அவுஸ்திரேலியாவின் லோர்னிலும் நடந்தது. சரளைப் பாதை ஓட்டத்துக்கும் இதே போன்ற தொடர் உண்டு. கடல் கடக்காமலே சரளைத் தொடரில் தகுதி பெற விரும்புவோருக்கு ஸ்கொட்லாந்தின் கேட்ஹவுஸ் ஒப் ஃபிளீட் என்ற ஊரில் நடக்கும் கிரல்லொக் போட்டி இருக்கிறது.

பத்திரங்களில் மூன்று பொறிகள். முதலாவது, அனுமதிப்பத்திரத்தை நீங்கள் வசிக்கும் நாட்டின் சம்மேளனம்தான் வழங்கும். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், இங்கே வசிப்பவர் இங்கேதான் பெற வேண்டும். இரண்டாவது, இத்தாலியின் கிரான் ஃபொண்டோக்கள் போட்டி விளையாட்டுக்கு உடல் தகுதி உண்டு என்ற வைத்தியச் சான்றிதழைத் தாம் தரும் மாதிரியிலேயே கேட்கின்றன. குடும்ப வைத்தியருக்கு இது தேசிய சேவைக்குப் புறம்பான வேலை, கட்டணம் வாங்குவார், வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரிடும்; கையொப்பமிட மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. என் வைத்தியர் மறுத்ததால், விளையாட்டு வைத்தியர் ஒருவரிடம் தனியாகப் பணம் கட்டிப் பெற்றேன். மூன்றாவது விசா. பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்குச் செங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. முடிவுக்குப் பதினைந்து நாள் என்றாலும், நேர்முகத் தவணை கிடைப்பதற்கே கோடையில் அதைவிட நீண்ட காலம் செல்லும். போட்டிக் கட்டணச் சீட்டையும் தங்குமிடப் பதிவையும் ஒரே பெயரில் இணையுங்கள்.

பயணக் காப்புறுதியின் சிறிய எழுத்தில் ‘போட்டி ஓட்டம் நீங்கலாக’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், என்னுடையதில் இருந்தது. காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, மேலதிகமாக 28 பவுண் கட்டி, அந்த வரியை நீக்கியதற்கான கடிதத்தை அச்சிட்டு, வண்டிப் பெட்டிக்குள் சங்கிலி எண்ணெய்க்கு எட்டாத பையில் வைத்துக்கொண்டேன்.